வராத நோய்க்கு ஆகும் செலவு

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கென மத்திய அரசு ஒப்புதல் அளித்த தொகை 15,471.94 கோடி ரூபாய். மலைப்பைத் தரும் இத்தொகையை ஆண்டுக்கணக்கில் பிரித்து நாட்டின் மக்கள்தொகையால் வகுத்தால், ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 22 ரூபாய் வருகிறது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பள்ளிகொண்டா சுங்கச்சாவடி பக்கத்தில் ஒரு டீயும் ஒரு பிஸ்கட்டும் அந்தக் காசுக்குள் அடங்கிவிடும். அதே தொகையை, 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் சுமார் 25 லட்சம் பேருக்கு மட்டும் பங்கிட்டால், ஒருவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் என்றாகிறது. இரண்டு கணக்குகளும் சரியானவையே. இரண்டும் வாசகரை ஏமாற்றக்கூடியவையும்கூட. ஏனெனில் இந்தப் பணத்தில் கணிசமான ஒரு பகுதி நோயாளிகளுக்கும் போவதில்லை, எல்லோருக்கும் சமமாகவும் போவதில்லை; தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுந்த, ஆனால் இன்னும் தொற்று ஏற்படாத சிலரைச் சுற்றியே அது செலவாகிறது. அந்தச் செலவு பயன் தந்தால் ஒரு நோயாளி உருவாகாமல் போகிறார்; அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

எச்.ஐ.வி. என்பது, நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு அடிப்படையான சிடி4 என்னும் வெள்ளணுக்களை மெல்ல மெல்ல அழிக்கும் வைரஸ். எய்ட்ஸ் என்பது, அவ்வழிவு முற்றி, காசநோய் முதலிய நோய்கள் எளிதில் பற்றிக்கொள்ளும் நிலை. சிகிச்சை இல்லாதபோது முதலாவதிலிருந்து இரண்டாவதை எட்டப் பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவ நூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த இடைவெளிதான் நிதித்துறைக்கு உண்மையான சிக்கல்: இன்று தடுப்புச் செலவில் கைவைத்தால் அதன் பலன் பத்தாண்டு கழித்து, வேறோர் ஆட்சியில், வேறோர் அமைச்சரின் கணக்கில் மருந்துச் செலவாக வந்து நிற்கும் என்பதால், வெட்டியவருக்கு அதன் வலி தெரிவதில்லை.

இந்தியாவில் இந்த நோயின் கணக்கு தொடங்கியதும் இதே வேலூர்ப் பக்கத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைச் சோதிக்கும் எலைசா வசதி சென்னையில் இல்லாததால், 1986 பிப்ரவரியில் அவை ஐஸ்பெட்டியில் வைக்கப்பட்டு, ரயிலில் காட்பாடி வழியாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டன. ஜேக்கப் ஜான் தலைமையில் இயங்கிய அங்குள்ள வைரஸ் ஆய்வுப் பிரிவில் ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டின. பின்னர் அமெரிக்காவில் நடந்த உறுதிப்படுத்தும் சோதனையும் அதையே சொன்னது. அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். ரத்தம் கொடுத்த பெண்களுக்கு எதற்காக அது எடுக்கப்படுகிறது என்பது விளக்கப்படவில்லை. இன்றைய நெறிமுறைப்படி அத்தகைய ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது. செலவு என்ற கோணத்தில் பார்த்தால் இன்னொன்று புலப்படும். அந்தக் கண்டுபிடிப்புக்கு எய்ட்ஸ் நிதி என்று ஒரு காசும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. வேறு வைரஸ்களுக்காகப் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஓர் ஆய்வகம் வேலூரில் இருந்ததால்தான் ரயில் டிக்கெட் செலவோடு வேலை முடிந்தது. பொதுச் சுகாதாரத்தில் எதற்கு என்று தெரியாமலே செய்துவைக்கும் முதலீடு எப்போது கைகொடுக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

1987-இல் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் உருப்படியான பணம் வந்தது 1992-இல், நாகோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாகி, உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கிடைத்த பிறகுதான். அந்தப் பணம் நன்கொடை அன்று. ஏழை நாடுகளுக்கென உலக வங்கி வைத்திருக்கும் பிரிவு வழங்கும் நீண்டகாலக் கடன் அது. வட்டி பெயருக்குத்தான் என்றாலும் அசலை அன்னியச் செலாவணியில் திருப்பித் தந்தாக வேண்டும். 1999-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு 19.1 கோடி டாலர், 2013-இல் நான்காம் கட்டத்துக்கு 25.5 கோடி டாலர் என்று இக்கடன் தொடர்ந்தது. "வெளிநாட்டுக்காரன் கொடுத்த காசு" என்று மேடைகளில் சொல்லப்பட்டதில் ஒரு பகுதி, ரூபாய் மதிப்பு சரியச் சரியக் கனம் கூடிக்கொண்டே போகும் கடன் என்பதும், அதை அடைப்பது இங்குள்ள வரிப்பணம் என்பதும் பரவலாக அறியப்படாதவை.

பணம் டெல்லியில் இருப்பது வேறு, அது வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ ஆம்பூருக்கோ வந்து சேர்வது வேறு. தொடக்கத்தில் மத்திய அரசு அனுப்பிய தொகை மாநிலக் கருவூலத்துக்கு வந்து, நிதித்துறையின் கோப்புகளைக் கடந்து, சுகாதாரத்துறையின் பொது வரவில் கலந்து, அரசாணை பிறந்து, அதற்குப் பின்னரே செலவாக வேண்டியிருந்தது. இந்தப் பயணத்திலேயே நிதியாண்டு முடிந்துவிடும். செலவாகாத பணம் காலாவதியாகும். அடுத்த ஆண்டு, "கொடுத்ததையே செலவழிக்கவில்லையே" என்ற காரணத்தால் ஒதுக்கீடு குறையும். அதுமட்டுமன்றி, பாலியல் தொழிலாளரிடமும் லாரி டிரைவரிடமும் பேசக்கூடிய ஆட்களை அரசுப் பணியாளர் தேர்வு மூலம் எடுக்க முடியாது; அவர்களிடையே வேலை செய்த தொண்டு நிறுவனங்களுக்குக் கருவூலத்திலிருந்து பணம் தருவதும் எளிதாக இல்லை.

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தது தமிழ்நாடு. 1994 மே மாதத்தில் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், ஊரில் ஒரு சமூகநலச் சங்கம் பதிவு செய்யப்படும் அதே முறையில் பதிவு செய்யப்பட்டது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஒருவரைத் தலைமையாகக் கொண்ட அச்சங்கத்துக்குச் சொந்தமாக வங்கிக் கணக்கு இருந்தது. டெல்லியிலிருந்து வரும் பணம் கருவூலத்தைத் தொடாமல் நேராக அதில் விழுந்தது. ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கவும், தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தரவும், விளம்பரம் செய்யவும் அதற்கு அதிகாரம் இருந்தது. இரண்டாம் கட்டத்தில் எல்லா மாநிலங்களும் இதே போன்ற சங்கங்களை அமைக்க வேண்டும் என்று மத்திய அரசு வலியுறுத்தியது. எய்ட்ஸ் ஒழிப்பில் தமிழ்நாட்டின் பங்களிப்பு என்று எத்தனையோ கூறப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரியது ஒரு வங்கிக் கணக்கு என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் அதன் ஊழியர்கள். திட்டம் கட்டம் கட்டமாக நீடிப்பது, ஆகவே பணியும் கட்டம் கட்டமாகவே என்ற தருக்கத்தில், நம்பிக்கை மையங்களில் ரத்தம் எடுக்கும் ஆய்வக நுட்பநரும், முடிவைச் சொல்லித் தேற்றும் ஆலோசகரும் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியராகவே இருந்துவருகின்றனர். நம்பிக்கை மையம் என்பது அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகவும் ரகசியமாகவும் கிடைக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர். தொற்று உறுதியான ஒருவரிடம் அந்த முடிவைச் சொல்வதும், வாழ்க்கைத் துணையைப் பரிசோதனைக்கு அழைத்துவரச் செய்வதும் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. அவ்வேலையை நிரந்தரமற்றவர்களின் தோளில் ஏற்றி வைத்திருப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும், அனுபவசாலி ஒருவர் வேறு வேலைக்குப் போகும்போது இழப்பு எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை.

தமிழ்நாட்டில் சங்கம் தொடங்கிய மறு ஆண்டே, 1995-இல், அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு நிறுவனம், மத்திய அரசு, சென்னையிலுள்ள வி.எச்.எஸ். மருத்துவமனை நிறுவனம் ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு கோடி டாலரில் ஏபாக் என்ற தடுப்புத் திட்டம் தொடங்கியது. ஊரெங்கும் சுவர்களில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டு, ராஜா என்று பெயர் வைத்திருந்தவர்களையெல்லாம் சங்கடப்படுத்திய விளம்பரம் அத்திட்டத்தின் குழந்தைதான். 2003-இல் பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் ஆவஹான் என்ற பெயரில் இன்னும் பெரிய அளவில் இறங்கியது.

நெடுஞ்சாலை ஏன் என்பதைப் பள்ளிகொண்டாவில் நின்று பார்த்தால் விளங்கும். ஒருபுறம் பாலாறும் உத்திர ரங்கநாதர் கோயிலும் கொண்ட பழைய ஊர். மறுபுறம் சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் சாலை. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளுக்கு வரும் தோலும் ரசாயனமும், ஷூ கம்பெனிகளிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கும், இவற்றோடு தொடர்பே இல்லாத மும்பை லாரிகளும் இதே தடத்தில்தான் ஓடுகின்றன. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் டிரைவரும் கிளீனரும், சாலையோரத்தில் அவர்களை நம்பிப் பிழைக்கும் பெண்களும், இருவருக்கும் பின்னால் வீட்டிலிருக்கும் மனைவியரும் சேர்ந்ததே தொற்றின் சங்கிலி. அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியில், அதாவது கருவுற்ற மனைவியிடம், மருந்து கொடுத்து நிறுத்துவதைவிட, முதல் கண்ணியில் ஆணுறையும் பால்வினை நோய் சிகிச்சையும் கொடுத்து நிறுத்துவது மலிவு என்பதுதான் இலக்குக் குழுத் திட்டம் எனப்படும் முறையின் அடிப்படை. களப்பணியாளர்கள் டி.ஐ. என்று சுருக்கிச் சொல்லும் இம்முறையில், பாலியல் தொழிலாளர், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிவழிப் போதை எடுப்போர் ஆகியோரிடையேயும், லாரித் தொழிலாளர், இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர் ஆகியோரிடையேயும், பெரும்பாலும் அவரவருள் ஒருவரே பயிற்சி பெற்று வேலை செய்கிறார். வெளியாள் ஒருவர் சம்பளத்துக்குப் போய்ச் செய்ய முடியாத வேலையை, சிறு மதிப்பூதியத்துக்கு அவர்கள் செய்கிறார்கள்.

இது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை. தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களின் 22 மாவட்டங்களில் ஆவஹானின் நான்காண்டுச் செலவைக் கணக்கிட்டு 2014-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, ஒரு தொற்றைத் தடுக்க ஆன கூடுதல் செலவு சராசரியாக 785 டாலர் என்று காட்டியது. வாழ்நாள் முழுவதும் மருந்து கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது லாபம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு முன்பே, 2006-இல் லான்செட் இதழில் வந்த மற்றோர் ஆய்வு, தமிழ்நாட்டை உள்ளடக்கிய தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான பெண்களிடம் தொற்று விகிதம் 2000-க்கும் 2004-க்கும் இடையே 1.7 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியிருந்தது. இந்தச் சரிவு முழுவதையும் ஒரே திட்டத்தின் பெயரில் எழுதிக்கொள்ள எவரும் முயன்றால் அது நேர்மையாகாது. விளம்பரம், அச்சம், ஆணுறை, சிகிச்சை எல்லாம் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

2007-இல் ஓர் எண் சரிந்தது. அது பலரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தியது. அதுவரை இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருப்பதாக நம்பப்பட்டுவந்தது. கருவுற்ற பெண்கள் முதலியோரிடம் எடுத்த கணிப்புகளோடு, மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் பெற்ற ரத்த மாதிரிகளின் முடிவும் சேர்ந்தபோது அம்மதிப்பீடு 25 லட்சத்துக்கு இறங்கியது. ஊதிப் பெருக்கிய எண்ணைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அவ்வாண்டு தொடங்கிய, 11,585 கோடி ரூபாய் மதிப்பிலான மூன்றாம் கட்டம் தன் பணத்தில் மூன்றில் இரு பங்கைத் தடுப்புக்கே வைத்தது. தடுப்புக்கு வேண்டிய பணம் தொற்றுள்ளோரின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று, ஆபத்துக்கு உட்பட்டோரின் எண்ணிக்கையைச் சார்ந்தது. அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடவில்லை.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு 2008 ஜனவரியில் வந்தது. தான் கடன் கொடுத்த இந்தியச் சுகாதாரத் திட்டங்கள் ஐந்தை உலக வங்கியே ஆராய்ந்து, மோசடிக்கும் ஊழலுக்குமான அறிகுறிகள் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் இரண்டாம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் ஒன்று. வாங்கிய பரிசோதனைக் கிட்டுகள் சில பிழையான முடிவுகளைத் தந்தன என்பது அதன் கண்டறிதல்களில் ஒன்று. கட்டடத்தில் சிமெண்டைக் குறைத்தால் விரிசல் விழும், எவராவது கேட்பார். தொற்றுள்ள ரத்தத்தைத் தொற்றில்லாதது என்று காட்டும் கிட்டை வாங்கினால், அந்த ரத்தம் இன்னொருவர் உடலில் ஏறி, அவருக்கே ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். இன்று நம்பிக்கை மையத்தில் முதல் சோதனையில் தொற்று தெரிந்தால், வெவ்வேறு அடிப்படையில் இயங்கும் மொத்தம் மூன்று கிட்டுகளால் சோதித்த பின்னரே முடிவு சொல்லப்படுகிறது. ஒரே கிட்டை நம்பக்கூடாது என்ற அந்த விதியால் கூடுதல் செலவுதான். அதைக் குறைக்கச் சொல்ல எந்தத் தணிக்கையாளரும் துணியமாட்டார். ரத்த வங்கிகளின் கதையும் இதுவே. பணத்துக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு தடுத்து, 1998 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2018 டிசம்பரில் சாத்தூரில் கருவுற்ற பெண் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. பல்லாண்டுச் செலவின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை ஒரு பாட்டில் ரத்தத்தில் ஆட்டம் கண்டது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்தச் செலவின் இயல்பே மாறியது. தொற்று அதிகமிருந்த ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலுமாக எட்டு அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சை அன்று இலவசமாகத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. ஏ.ஆர்.டி. வைரஸை அழிப்பதில்லை, பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. ஆகவே நிறுத்தாமல் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். தடுப்புத் திட்டத்தை ஓராண்டு குறைத்து மறு ஆண்டு கூட்டலாம்; மருந்தை அப்படிச் செய்ய முடியாது. ஒருவருக்கு முதல் மாத்திரை கொடுத்த அன்றே அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுச் செலவுக்கும் அரசு கையெழுத்திட்டுவிடுகிறது. இந்த முடிவை எடுக்க அரசால் முடிந்ததற்குக் காரணம் 2001-இல் நடந்த ஒன்று: அதுவரை ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆன கூட்டு மருந்தை, மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. இன்று உலகெங்கும் முதல்நிலை மருந்தாக உள்ள டோலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை, பெருமளவு கொள்முதலில் ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவான விலைக்கு இறங்கியிருக்கிறது.

2011-இல் இன்னொரு தடுப்புச்சுவரும் விழுந்தது. சென்னை உட்படப் பல நாட்டு மையங்களில் நடந்த எச்.பி.டி.என். 052 என்னும் ஆய்வு, தொற்றுள்ளவர் முன்கூட்டியே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. இதன் பின்னர் மருந்து என்ற தலைப்பும் தடுப்பு என்ற தலைப்பும் பட்ஜெட்டில் தனித்தனியாக நின்றாலும் உண்மையில் ஒன்றாகிவிட்டன. 2017 முதல், சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியானவுடனே மருந்து என்பது இந்தியாவின் கொள்கையாயிற்று.

தாம்பரம் மட்டுமே இருந்த காலத்தில் வேலூர்ப் பக்கத்தார் மருந்துக்காகச் சென்னை எல்லை வரை போய்வர வேண்டியிருந்தது. இப்போது அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையம் இயங்குகிறது, உடல்நிலை சீரானவர்கள் வட்டார அளவிலான இணைப்பு மையங்களிலும் மருந்து வாங்கிக்கொள்ளலாம். மருந்து இலவசம், ஆனால் மருந்து வாங்கப் போகும் நாள் இலவசம் அன்று. பள்ளிகொண்டாவைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறி, ஷூவின் மேற்பகுதி தைக்கும் வேலைக்குப் போகும் பெண் ஒருவர், மாதம் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போகும். மாதந்தோறும் ஒரே கிழமையில் விடுப்பு எடுத்தால் சூப்பர்வைசர் காரணம் கேட்பார். காரணம் சொல்ல முடியாது. அருகிலுள்ள இணைப்பு மையத்தில் தெரிந்த முகம் தென்படும் என்பதால் தூரத்து மையத்தையே தேர்ந்துகொள்பவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் பலருக்கும் இரண்டு, மூன்று மாத மருந்தை ஒருசேரக் கொடுத்த ஏற்பாடு, அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் மருந்துச் செலவு வைக்காமல், இவர்களுடைய கூலி நாட்களைக் காப்பாற்றியது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைப்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே. எந்த எய்ட்ஸ் அறிக்கையிலும் அது இடம்பெறாது.

கம்பெனிக்குள் நிலவும் இந்தப் பயத்துக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுப்பதையும், வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதனை கேட்பதையும் தடுக்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் தோல் தொழில் வட்டாரத்தில் இதைச் செய்ய அரசுக்குச் செலவே கிடையாது. அதே சட்டம், சிகிச்சை தருவது அரசின் கடமை என்று சொல்லும்போது "இயன்றவரை" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. நோயாளிகளின் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த ஐயம் தேவையற்றதன்று என்பதைச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவை காட்டின. 2014-15 நிதியாண்டின் நடுவில் எய்ட்ஸ் ஒதுக்கீடு ஏறத்தாழ 30 விழுக்காடு வெட்டப்பட்டு 1,300 கோடி ரூபாயாயிற்று. அதே ஆண்டில் பணத்தை மறுபடியும் மாநிலக் கருவூலங்கள் வழியாக அனுப்பும் முறை வந்ததால், இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அவிழ்த்த முடிச்சு மீண்டும் விழுந்து, பல மாநிலங்களில் தொண்டு நிறுவனங்களுக்கும் ஊழியர்களுக்கும் பணம் தாமதமாயிற்று. 2022-இல் மருந்துக் கொள்முதல் குளறுபடியால் சில மருந்துகள் கிடைக்காமல், நோயாளிகள் டெல்லியில் நாகோ அலுவலகத்தின் முன் நாற்பது நாட்களுக்கும் மேல் போராடினர். அப்போது டெண்டர் உரிய காலத்தில் முடியவில்லை. எய்ட்ஸ் செலவில் தொகையைவிடத் தேதி முக்கியம் என்பதை அதிகாரிகள் அறிவர்; பட்ஜெட் விவாதங்களில் எல்லோரும் தொகையைப் பற்றியே பேசுகின்றனர்.

மாநில அரசின் சொந்தப் பணத்தைப் பொறுத்தவரை, எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென 2009-இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் 5 கோடி ரூபாயாக இருந்து 25 கோடியாக உயர்ந்த அதன் வைப்புநிதியிலிருந்து வரும் வட்டி, குழந்தைகளின் படிப்புக்கும் ஊட்டத்துக்கும் போகிறது. ஆண்டுதோறும் நிதித்துறையிடம் கைநீட்ட வேண்டியதில்லை என்பது இதன் பலம்.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தடுப்புப் பணிகள் ஒரே வாரத்தில் முடங்கின. இந்தியாவில் ஐதராபாத், கல்யாண், புனே ஆகிய ஊர்களில் திருநர்களுக்காக நடந்த மித்ர் மருத்துவ மையங்கள் மூடப்பட்டன. ஆனால் அடுக்கம்பாறையில் மாத்திரை நிற்கவில்லை. ஐந்தாம் கட்டத்தின் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றிருந்ததே காரணம். வெளியார் பணத்தில் கற்றுக்கொண்டு, உள்ளூர்ப் பணத்துக்கு மாறிக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது; ஆவஹான் திட்டத்தைக் கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்து 2009 முதல் படிப்படியாக அரசு ஏற்றுக்கொண்டது அந்த மாற்றத்தின் ஒத்திகை.

இனி வரும் சிக்கல் வெற்றியிலிருந்து பிறப்பது. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களிடம் 2001-இல் 1.13 விழுக்காடாக இருந்த தொற்று இப்போது 0.2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று ஏறத்தாழ 90 பேரைச் சோதித்தால் ஒருவரிடம் தொற்று தெரிந்தது. இன்று ஐந்நூறு பேருக்கு மேல் சோதிக்க வேண்டும். கிட்டின் விலை மாறாவிட்டாலும், ஒரு தொற்றைக் கண்டறியும் செலவு ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அட்டவணையை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு இது ஊதாரித்தனமாகத் தோன்றும். அந்த ஐந்நூறில் ஒருவரைத் தவறவிட்டால், சிகிச்சை இல்லாத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை. சிகிச்சை இருந்தால் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

தொற்றுடன் வாழ்வோருக்கு வயதும் ஏறிவருகிறது. 2004-இல் முப்பது வயதில் தாம்பரத்தில் மருந்து தொடங்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்திருக்கலாம். எச்.ஐ.வி. மாத்திரை நாகோவின் பணத்தில் ஏ.ஆர்.டி. மையத்தில் கிடைக்கிறது, சர்க்கரை மாத்திரை மாநிலத்தின் பணத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டு வாசலிலோ கிடைக்கிறது. இரண்டையும் எழுதித் தரும் மருத்துவர்கள் வெவ்வேறு, குறிப்பேடுகளும் வெவ்வேறு. ரகசியம் காக்கும் பொருட்டு ஒரு நோயைப் பார்க்கும் மருத்துவரிடம் மற்றொன்றை மறைத்து வைத்திருக்கும் நோயாளிக்கு, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுமா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. டோலுடெக்ராவிர் எடுப்போருக்குச் சர்க்கரை நோயின் மெட்பார்மின் அளவைக் கவனித்துத் தர வேண்டும் என்பது மருந்தியலில் தெரிந்த செய்தி. மாதம் ஒரு நாள் அடுக்கம்பாறைக்கு வந்து போகும் அதே நாளில், அதே அறையில், சர்க்கரையையும் பார்த்து மாத்திரையையும் கொடுத்து அனுப்ப ஒரு ரத்தச் சர்க்கரைமானியும் சில பட்டைகளும் போதும். அந்தச் சிறு தொகையை டெல்லியின் கணக்கில் எழுதுவதா, சென்னையின் கணக்கில் எழுதுவதா என்பதை அடுத்த கட்டத்தை வரைவோர் முடிவு செய்தாக வேண்டும்.